ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கலக்குகிறீர்கள்?

போன கோடையில் எங்கள் வீட்டுச் சின்னவனுக்குப் பேதி. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். (பேதியில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி) வாங்கி வந்து, முழு பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கியது நான்தான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், குடி என்று அதட்டினேன். அப்புறம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘1 லிட்டர் தண்ணீரில்’ என்று போட்டிருக்கிறது. நல்லவேளை, அந்த ஒரு வாய்க்கு மேல் அவன் குடிக்கவில்லை.

விசாரித்துப் பார்த்தால், தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கலக்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு ஏன் முக்கியம் என்று பார்த்துவிடலாம். வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் பேதியாகும் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஆனால் குடல் சுவரில் ஒரு கதவு உண்டு, குளுக்கோஸும் உப்பில் உள்ள சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும், அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை விளக்கினார். காலரா வந்தாலும் இந்தக் கதவு பழுதாவதில்லை என்பதுதான் இதில் அழகே. 1968இல் டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ஊசி வழியே ஏற்றும் சலைனின் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள்.

அப்போதும் பல டாக்டர்கள் நம்பவில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் எல்லையில் அகதிகள் குவிந்தார்கள், காலரா பரவியது, சலைன் பாட்டில்கள் தீரத் தொடங்கின. வேறு வழியில்லாமல் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே விட்டுக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பார்த்த நோயாளிகளிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. நர்ஸுக்கோ ஊசிக்கோ காத்திருக்காமல் அம்மாவோ அண்ணனோ கையில் டம்ளரோடு உட்கார்ந்ததுதான் வைத்தியம்.

சரி, செய்முறைக்கு வருவோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை 1 லிட்டர் பாட்டிலால் அளந்து எடுங்கள், சொம்பையோ கண்மதிப்பையோ நம்பாதீர்கள். 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் கரையுங்கள். அதில் மொத்தம் 20.5 கிராம் இருக்கும்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, மீதி பொட்டாசியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும். பாதி பாக்கெட்டுக்கு அரை லிட்டர் என்று கணக்குப் போட வேண்டாம், பொடி உள்ளே ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் வீணாகுமே என்று தோன்றினால் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்தால் கரைசல் உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும், ரத்தத்தில் சோடியம் ஏறினால் குழந்தைக்கு வலிப்பு வரை போகலாம். கலந்த பிறகு சுடவைக்காதீர்கள், பாலிலோ ஜூஸிலோ கலக்காதீர்கள், 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

ராத்திரி பாக்கெட் கிடைக்கவில்லையா? 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தூள் உப்புதான், கல் உப்பு வேண்டாம், அளவு மாறும். ஸ்பூன் 5 மில்லி அளவு டீஸ்பூனாக இருக்க வேண்டும், சாப்பிடும் பெரிய ஸ்பூன் இல்லை. கலந்ததும் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பின் ஊழியர்கள் 1980களில் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று சோதித்துத்தான் ஊழியருக்குச் சம்பளமே. ஆனால் வீட்டுக் கரைசலில் பொட்டாசியம் இல்லை, பாக்கெட் கிடைத்ததும் அதற்கு மாறுங்கள்.

கொடுப்பது எப்படி? ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் குடிக்க முடிந்த அளவு. குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாகத்தான். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள், 10 நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பால், கஞ்சி, இட்லி எல்லாம் தொடரட்டும், வயிற்றைக் காயப்போடுவது பழைய தப்பு. பேதி உடனே நிற்காது, அதற்காக இது வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். இது நீரிழப்புக்கு மருந்து, பேதியை நிறுத்தும் மருந்து இல்லை. குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மாத்திரையும் தருவார்கள், டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். சர்க்கரை நோயாளிகள் பயப்பட வேண்டாம், ஒரு டம்ளரில் 3 கிராம் குளுக்கோஸ்கூட இல்லை. சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையோடு அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் இது இல்லை. அப்படிப்பட்டவை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கண் குழி விழுந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாக மறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. குழந்தை விழித்திருந்து விழுங்க முடிந்தால், போகிற வழியிலும் ஆட்டோவில் உட்கார்ந்து ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.