சிறார் படப்புத்தகத்தின் மூல ஓவியங்களை உப்புக்காற்றில் காப்பது எப்படி?

புத்தகம் அச்சாகி வந்ததும் மூல ஓவியங்களைப் பரணில் போட்டு மறந்துவிடுகிறோம். பாம்பன், மண்டபம் பக்கம் அவை ஒரு ஐப்பசி அடைமழையைத் தாங்காது. ஆவுளியாவைப் பற்றிய கதைக்கு (கடல்பசுவுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) நான் வரைந்ததில் நான்கு படங்கள் அப்படித்தான் போயின. பத்திரமாக இருக்கட்டுமென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தேன். உள்ளேயே வேர்த்து, கரும்பூஞ்சை பூத்துவிட்டது.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். ஓவியம் மட்டும் போதாது. பென்சில் வரைவுகள், திருத்தம் எழுதிய வண்ணப் புரூஃப் (அச்சுக்கு முந்தைய சோதனைப் பிரதி), டம்மி (புத்தகத்தின் கைமாதிரி) எல்லாம் வேண்டும். எட்டு ஏ4 தாளை நடுவே மடித்துச் செய்த அந்த 32 பக்க டம்மியைக் குப்பை என்று நினைக்காதீர்கள். எந்தப் படம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

அடுத்து, ஸ்டேப்ளர் பின், குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இந்தக் கரையில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்; துருக்கறை தாளில் இறங்கினால் போகாது. செலோ டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பின்பக்க ஓரத்தில் பக்க எண், தேதி, பயன்படுத்திய வண்ணம் இவற்றைப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறும்.

சரி, இப்போது ஸ்கேன். அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) போதும், ஆனால் பின்னால் பெரிதாக்க நேரலாம் என்பதால் 600 வைத்து, டிஃப் (TIFF, படத்தின் தரம் குறையாத வகை) கோப்பாகச் சேமியுங்கள். ஒரு பிரதி வெளியூரில் இருக்கட்டும்.

அப்புறம் பெட்டி. மழையில்லாத நாளின் பிற்பகலில் கட்டுங்கள், காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் குறைவு. படங்களைச் சுருட்டாமல் படுக்கையாக அடுக்கி, இடையிடையே அமிலமில்லாத மெல்லிய தாள் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மஞ்சள் படத்தில் ஏறும். ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். பெட்டி தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை திறந்து, தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபதிப்பு வரும்போது மூல ஓவியத்தைக் கையோடு அச்சகத்துக்குக் கொண்டுபோங்கள். தனுஷ்கோடிக் கடலின் பச்சைநீலம் நாலு வண்ண அச்சில் மங்கித்தான் விழும். புரூஃபையும் ஓவியத்தையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்; எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அச்சகத்தாருக்கே தெரிந்துவிடும்.