பச்சைக் குழந்தை ஓயாமல் அழும்போது செய்யக் கூடாதவை

பிறந்த முதல் வாரத்தில் குழந்தை பால் குடிக்கும், தூங்கும். வீடே அமைதியாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நிலைமை மாறும். விளக்கு வைக்கிற நேரம் வந்துவிட்டால் போதும், முகம் சிவக்க, முஷ்டியை இறுக்கி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும். தூக்கினாலும் அழும், படுக்க வைத்தாலும் அழும்.

இதற்கு ஒரு போக்கு உண்டு. 1962-ல் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், 80 குழந்தைகளின் தாய்மாரைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லி அழுகை நேரத்தைக் கணக்கிட்டார். ஆறாவது வாரத்தில் அது நாளுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் வரை போனது, பிறகு குறைந்தது. நன்றாக இருக்கும் குழந்தைகளின் கணக்கு இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் இந்த அழுகை தானாக அடங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியில் இருந்து வாரங்களை எண்ண வேண்டும். இதைப் பிரசவத்துக்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் குறையும். எப்படியாவது அழுகையை நிறுத்தியாக வேண்டும் என்ற அந்தப் பதற்றத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

அதில் முதலாவதாக நான் சொல்வது, "பால் பத்தலை" என்ற தீர்ப்பு. அழுகிற குழந்தையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மாலையில் குழந்தை அரை மணிக்கு ஒருமுறை மார்பைத் தேடும். தாய்க்கும் மார்பு கனமில்லாமல் தளர்ந்த மாதிரி இருக்கும். சரி, பால் இல்லை என்று முடிவு கட்டி, புட்டியில் பவுடர் பால் கலந்து கொடுத்துவிடுவார்கள். வயிறு முட்டக் குடித்த குழந்தை தூங்கும். "பார்த்தியா, பசிதான்" என்பார்கள். அடுத்த வேளை குழந்தை குறைவாகச் சப்பும். சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். சில வாரங்களில் அந்தத் தீர்ப்பு உண்மையாகவே ஆகிவிடும். நன்றாகப் பாலூட்டிக்கொண்டிருந்த பெண்ணை, தன் உடம்பே தன்னைக் கைவிட்டதாக நம்பவைக்கும் வேலை இது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயமும் இதுதான்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்ய முடியாது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போகிறதா, முதல் சில நாட்களில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்ததா, அதன் பிறகும் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் பால் போதும். இல்லையென்றால், புட்டிக்குப் போகும் முன் குழந்தை மார்பைப் பற்றும் விதத்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். மருத்துவரே பவுடர் பால் தரச் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும். அதில் தாய்க்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவை விடத் தண்ணீர் கூடக் கூடாது.

கடிகாரம் பார்த்து இரண்டு மணிக்கு ஒருமுறைதான் பால் என்று வைத்திருப்பதும் தவறுதான். கையை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது, உதட்டைச் சப்புவது எல்லாம் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில்தான் வரும். அதுவரை காக்க வைத்தால், பிறகு மார்பைக் கொடுத்தாலும் பிடிக்கத் தெரியாமல் கத்தும்.

அப்புறம் வாயில் ஊற்றும் சமாசாரங்கள். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு உரசிய உரைமருந்து, கிரைப் வாட்டர் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வுட்வர்ட் என்பவர் தயாரித்தது. பழைய தயாரிப்பில் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. இப்போது சாராயம் கிடையாது, ஆனால் வயிற்று வலியைத் தீர்க்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமும் கிடையாது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை சற்று நேரம் அமைதியாகும். அதைத்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்றும் உண்டு. அழுகை உச்சத்தில் இருக்கும் ஆறாவது, ஏழாவது வாரத்தில் எதைக் கொடுத்தாலும், அடுத்த வாரங்களில் அழுகை குறையத்தான் போகிறது. பெயர் மட்டும் அந்த மருந்துக்குப் போய்ச் சேரும்.

தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அதனால் ஒரு வயது வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கத்திரி வெயிலில் "தொண்டை காயுமே" என்று தண்ணீர் கொடுக்கவும் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். கடையில் கேட்டு வாங்கும் வயிற்று வலி மருந்துகளில் டைசைக்ளோமின் என்ற மருந்துப்பொருள் இருக்கலாம். ஆறு மாதத்துக்குள் அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சுத்திணறல் வரலாம்.

"உரம் விழுந்திருச்சு" என்று சேலையில் போட்டு உருட்டுவது, "தொக்கம்" எடுக்கிறேன் என்று ஊதுவது, தொண்டையில் விரல் விடுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, எதுவுமே வேண்டாம். பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார் அத்தை" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

"கையிலேயே வைத்திருந்தால் கைச்சூடு பழகிவிடும்" என்பதற்காகப் பிஞ்சுக் குழந்தையை அழ விடுகிறவர்களும் உண்டு. முதல் மூன்று மாதத்தில் தூக்கிக் கெடுத்துவிட முடியாது. ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையம் பங்கெடுத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கைகொடுக்கும். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே படுக்க வைக்காமல், மடியில் வைத்து ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து பிறகு கிடத்த வேண்டும். படுக்க வைத்த நொடியில் விழித்துக்கொள்ளும் குழந்தைக்கு இந்தக் காத்திருப்புதான் முக்கியம். எந்த வழியானாலும் ஐந்து நிமிடமாவது அதற்கு அவகாசம் கொடுங்கள். ஆட்டி, கிலுகிலுப்பை காட்டி, நாலு பேர் கை மாற்றி, லைட்டைப் போட்டு அணைத்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் குழந்தை இன்னும் மிரளும்.

எல்லாவற்றையும் விடக் கொடிய தவறு, பொறுமை இழந்து குழந்தையைக் குலுக்குவது. தலை கனமானது, கழுத்துக்கு வலு கிடையாது. சில நொடிக் குலுக்கலில் மூளையில் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். நல்ல பெற்றோருக்கும் அந்தக் கோபம் வரும். வந்தால், குழந்தையைத் தட்டையான, கெட்டியான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். பத்து நிமிடம் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சோர்ந்துபோய்க் குழந்தையை மார்பில் போட்டபடி சோபாவில் தூங்கிவிடாதீர்கள். மூச்சு முட்டும் அபாயம் அங்கே மிக அதிகம்.

அழுகை என்றால் எல்லாம் சாதாரணம் என்று இருந்துவிடவும் கூடாது. உடைகளைக் கழற்றி, விரல் இடுக்குகளில் தலைமுடி சுற்றி இறுகியிருக்கிறதா, அரைஞாண் கயிறு அழுத்துகிறதா, தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சுத்திணறல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்திருப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சுக் குரல் அழுகை, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தையைப் பார்க்கிற கண்கள் தாயையும் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அது ஓயவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் அவளையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே போங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். மற்ற நாட்களில் மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை அப்பாவோ பாட்டியோ குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். பால் கொடுப்பதற்கு மட்டும் அவளை எழுப்பினால் போதும்.