விட்டத்தை எடுக்கும் முன்: சாய்வு உட்கூரைக்கு முகட்டு உத்தரம்

பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பலர், அறையின் குறுக்கே ஓடும் விட்டங்களை அகற்றிவிட்டு, முகட்டிலிருந்து சுவர் வரை சாய்ந்து இறங்கும் கைமரங்களின் அடியிலேயே சாய்வாகப் பலகை அடித்து உயரமான அறையைப் பெற விரும்புகிறார்கள். விருப்பம் நியாயமானதே, ஆனால் அந்த விட்டம் பரண் போடுவதற்காக மட்டும் வைத்ததன்று. முகட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரு கைமரங்கள் பாரம் ஏறியதும் கால்களை அகட்டப் பார்க்கும். அந்தக் கால்களை இழுத்துப் பிடித்திருப்பது விட்டம். சில வீடுகளில் அதன் நடுவே நிற்கும் குத்துக்கால் முகட்டையும் தாங்கும்.

4 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், 30 பாகை சாய்வு கொண்ட அறையை எடுத்துக்கொள்வோம். மங்களூர் ஓடும், அது அமரும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ. கைமரமும் உட்பலகையும் 20 கிலோ. சாய்வுப் பரப்பின் இந்த 85 கிலோவைத் தரைப்பரப்புக்கு மாற்றினால் 98 ஆகும். பழுதுபார்க்க ஏறுவோருக்காக 40 சேர்த்தால் 138; அதை 140 என்று கொள்ளலாம். கைமர இடைவெளி 60 செ.மீ. என்றால், ஒவ்வொரு கைமரமும் சுவரை வெளிப்புறமாக ஏறத்தாழ 146 கிலோ விசையுடன் தள்ளும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மேல் விளிம்பில் வரும் இத்தள்ளலை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்காது. விட்டம் எடுத்த ஓர் அறையின் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது, குண்டின் நூலுக்கும் சுவருக்கும் இடையே மேலே ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

விட்டத்தைச் சற்றே உயர்த்திப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். கூரை உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றினால் இழுவிசை ஒன்றரை மடங்காகும். பாதிக்கு ஏற்றினால் இரு மடங்காகும், கைமரமும் வளையத் தொடங்கும். ஆகவே விட்டமே வேண்டாமென்றால், அறையின் நீளவாட்டில் ஓடி முகட்டைத் தாங்கும் உத்தரம்தான் சரியான வழி. கைமரத்தின் தலை உத்தரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டால் பாரம் செங்குத்தாகவே இறங்கும்; சுவரைத் தள்ளாது.

அந்த உத்தரம் கூரைப் பாரத்தில் பாதியை, அதாவது மீட்டருக்கு 280 கிலோவைச் சுமக்கும். 10×25 செ.மீ. தேக்கு பலத்துக்குப் போதும். ஆனால் நடுவில் 19 மி.மீ. வரை தொய்யும். ஜிப்சம் பலகை அடிப்பதானால் அது விரிசல் விடும் அளவு என்பதால், 10×30 வைப்பதே என் பரிந்துரை. கைமரத்துக்கு 5×10 போதும்.

உத்தரத்தின் ஒவ்வொரு முனையிலும் சுமார் 700 கிலோ இறங்கும். அதன் கீழ் கான்கிரீட் திண்டு வார்த்து, ஜன்னலுக்கு மேல் அது உட்காராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சுவருக்குள் புகும் மரமுனையைச் சுற்றிக் காற்று ஓட இடம் விடாவிட்டால் முனை ஈரம் கோத்து உளுத்துப்போகும். சுவரின் மேல் கிடத்திய சுவர்க்கட்டையில் அமர கைமரத்தில் போடும் வெட்டு, கைமரத்தின் ஆழத்தில் நாலில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. புயல் காற்று கூரையைத் தூக்காதிருக்க, கைமரத்தைக் கட்டையோடும் கட்டையைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும்.

வேலையின் வரிசை மிக முக்கியமானது. ஓடுகளை இறக்கி, முட்டுக் கொடுத்து, உத்தரத்தை ஏற்றி, ஒவ்வொரு கைமரத்தையும் அதன் மேல் இறுக்கிய பிறகே முதல் விட்டத்தில் ரம்பம் வைக்கலாம். உங்கள் அறையின் அளவும் மரமும் வேறாக இருந்தால், இந்த எண்களை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே மரம் வாங்குங்கள்.