கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை): ஏஜென்டிடம் ஃபைலைக் கொடுக்கும் முன்

கட்டணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற ஆலோசனை சொல்ல எல்லோருக்கும் உரிமை இல்லை. அங்குள்ள மாகாண வழக்கறிஞர் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், சிஐசிசி என்ற கனடா ஆலோசகர் ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்கள் (ஆர்சிஐசி) ஆகியோருக்கே அது உண்டு. சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் முதல் தவறு. உரிம எண்ணை வாங்கி, சிஐசிசி இணையதளப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஆள்சேர்ப்பு உரிமத்தைக் காட்டினால் குழம்பாதீர்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கானது, இதற்குச் செல்லாது.

"எங்கள் ஆர்சிஐசி டொராண்டோவில் இருக்கிறார்" என்பார்கள். இருக்கட்டும். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து வேண்டும், உங்கள் பிரதிநிதி யார் என்று அறிவிக்கும் ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயர் வேண்டும். "அந்தப் படிவமே தேவையில்லை, நீங்களே விண்ணப்பித்ததுபோல் போட்டுவிடலாம்" என்றால், அவர் தன்னை மறைத்துக்கொள்கிறார் என்று பொருள்.

பெரிய சேதம் நடப்பது படிவத்தைப் படிக்காமல் விடுவதில்தான். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று குறித்துவிடுவார். உங்களுக்கோ பழைய அமெரிக்க விசா மறுப்பு ஒன்று இருக்கும். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டு தடை. "ஏஜென்ட் செய்தது" என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடாது. சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப்பாக வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

அனுபவக் கடிதமும் இப்படித்தான் கெடுகிறது. கனடா அரசின் வேலை வகைப்பாடான என்ஓசி பட்டியலில் உள்ள வேலை விவரங்களை அப்படியே ஒட்டித் தருவார்கள். அதிகாரிக்குப் பார்த்தவுடன் சந்தேகம் வரும். பதவி, பணிக்காலம், வார வேலை நேரம், ஆண்டுச் சம்பளம், நீங்கள் உண்மையில் செய்த பணிகள் ஆகியவை நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும்.

காசு கொடுத்து வேலை ஆஃபர் வாங்காதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற பி.ஆர். தேர்வு முறையில் அதற்கு சிஆர்எஸ் எனும் தரவரிசை மதிப்பெண்ணே கிடையாது.

உங்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரி கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஏஜென்டிடம் மட்டும் இருக்கக் கூடாது. பி.ஆருக்கான அழைப்பு வந்தால் விண்ணப்பிக்க 60 நாள்தான். பாக்கிப் பணத்துக்காக அந்தச் செய்தியை அவர் அமுக்கி வைத்தால் உங்களுக்குத் தெரியவே வராது. அரசுக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே செலுத்தி, ரசீதை எடுத்து வையுங்கள்.