பேஸ்மென்ட் சுவரை மூடும் முன் ஒரு வசந்தம் பொறுங்கள்

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் நாங்கள் வாங்கியது அறுபதுகளில் கட்டிய பங்களோ. வாங்கி ஆறு மாதத்துக்குள் பேஸ்மென்ட்டுக்கு (நிலத்துக்குக் கீழுள்ள தளம்) ட்ரைவோல் எனும் ஜிப்சம் பலகை அடித்து, கார்ப்பெட் விரித்து, வாடகைக்கும் விட்டாயிற்று. இரண்டாம் வருடம் கீழே இருந்த தம்பி, "அண்ணை, கட்டிலடியில நனைஞ்ச சாக்கு மணக்குது" என்றார். ட்ரைவோலை வெட்டிப் பார்த்தேன். பின்னால் குளிர் தடுக்க வைத்திருந்த ஃபைபர்கிளாஸ் பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மரச்சட்டங்களின் அடி முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். எல்லாம் குப்பைக்குப் போனது.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. பனி கரையும் மார்ச், ஏப்ரல் முடியும்வரை சுவரை வெறுமையாக விட்டுப் பார்த்தேன். இரண்டடிச் சதுரத்தில் தடித்த பொலித்தீன் துண்டுகளை வெட்டி, சுவரிலும் நிலத்திலும் நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டேன். பொலித்தீனுக்குப் பின்னால், சீமெந்துப் பக்கம் நனைந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சீமெந்தில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. என் வீட்டில் இரண்டும் இருந்தன, வேறு வேறு மூலையில். சுவரில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது உப்பு. தண்ணீர் சீமெந்துக்குள்ளால் வந்து காய்ந்த தடம். அதன்மேல் 'வாட்டர்புரூஃப்' பெயின்ட் அடிப்பது வீண். கொப்பளித்து உரிந்துவிடும்.

மண்ணிலிருந்து வரும் தண்ணீரை வெளியே மறிப்பதுதான் மலிவு. கூரைப் பீலியின் குழாய், தண்ணீரை அத்திவாரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி விட வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள மண், பத்தடிக்கு ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். எங்கள் கிழக்குச் சுவரோடு ஒட்டி மாமி பயற்றங்காய்ப் பாத்தி போட்டு, பின்னேரம் தவறாமல் ஹோஸ் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஈரமான மூலை எது என்று நினைக்கிறீர்கள்? பாத்தியை வேலியோரம் மாற்றியதில் ஒரு கிழமை வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. சுவரில் மயிரிழை போல நிலைக்குத்தாக ஓடும் வெடிப்பை உள்ளேயிருந்து ஊசியால் பிசின் ஏற்றி அடைக்கலாம். வெடிப்பு கிடையாக ஓடினாலோ, சுவர் உள்ளே தள்ளியிருந்தாலோ, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

2013 ஜூலை 8-ஆம் தேதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16-இல் கிட்டத்தட்ட 98. இப்படிப்பட்ட மழையில் நகரத்துச் சாக்கடை நிரம்பி, நிலத்து வடிகால் வழியாக வீட்டுக்குள் திரும்பி வரும். அதை மறிப்பது பேக்வாட்டர் வால்வு. பொருத்த சீமெந்தை உடைக்க வேண்டும் என்பதால் தரை போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அனுமதிப் பத்திரம் வேண்டும். செலவில் ஒரு பகுதியைத் தரும் மானியத் திட்டம் ரொறன்ரோ நகரசபையிடம் இருக்கிறது. வேலை தொடங்குமுன் அதன் நிபந்தனைகளை வாசியுங்கள்.

அடுத்தது, நம்மவர்கள் எல்லோரும் விடும் பிழை. ஊர்ப்பழக்கத்தில், புழுங்கினால் யன்னலைத் திறப்போம். இங்கே கோடையில் அது தலைகீழ். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 70 வீதம் என்றால், அந்தக் காற்று 24 பாகைக்குக் குறைந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். பேஸ்மென்ட் சுவர் அதைவிடக் குளிர். ஆகவே யன்னலைச் சாத்திவிட்டு, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையரைப் போடுங்கள். அதன் குழாயை நேரே வடிகாலுக்கு விடுங்கள். வாளி என்றால் ஒருவரும் ஊற்றமாட்டார்கள். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வைத்து, கோடையில் 50 வீதத்துக்குக் கீழே வைத்திருங்கள்.

சுவருக்கு வருவோம். சீமெந்தில் நேரே பஞ்சு வைக்கவே கூடாது. அறைக்காற்று பஞ்சினூடாகப் போய்க் குளிர்ந்த சுவரில் தண்ணீராகும். அதுதான் என் முதல் கதை. இம்முறை இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகையை அதற்கான பசையால் சீமெந்தோடு ஒட்டி, பொருத்துகளை டேப்பால் அடைத்து, அதன் முன்னால் மரச்சட்டம் நிறுத்தினேன். அந்தத் தடிப்பில் அதுவே நீராவியைத் தடுக்கும். மேலே இன்னொரு பொலித்தீன் போடவில்லை. நுரைப்பலகை தீப்பிடிக்கும் சாமான் என்பதால் ட்ரைவோலால் கட்டாயம் மூட வேண்டும். அத்திவாரத்துக்கு மேலே, உத்தரங்களின் நுனி முட்டும் இடத்தையும் மறக்காமல் நுரைத் துண்டு வைத்து அடையுங்கள். ட்ரைவோலின் அடி நிலத்தில் தொடக்கூடாது. அரை அங்குலம் உயர்த்தினால் போதும், ஓரப்பலகை மறைத்துவிடும்.

தரைக்குக் கார்ப்பெட் வேண்டாம். குமிழ் குமிழாகப் புடைத்த கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பிளைவுட், அதன்மேல் வினைல்.

கீழே குசினி இருந்தால் புட்டும் இடியப்பமும் அவியும் ஆவி வெளிச்சுவருக்கு அப்பால் போக வேண்டும். குளியலறை விசிறியும் அப்படியே. விசிறியின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் கூரைப்பலகைக்குள்ளேயே விட்டு முடித்திருந்த வேலையை நான் என் வீட்டிலேயே பிடித்தேன்.

கடைசியாக, பேக்வாட்டர் வால்வின் மூடியை வினைலுக்குள் புதைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து அழுக்கெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது செருப்புத் தட்டுக்குக் கீழே இருக்கிறது.