நெடுந்தூர சைக்கிள் பயணம்: உப்புநீர் கலப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கோடையில் நெல்லியாம்பதி மலை ஏறிப் பழகுகிறார்கள். பி.ஆர்.எம். என்னும், நேரவரம்பு உள்ள நெடுந்தூர சைக்கிள் சவாரியில் 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமே என்ற கவலை எல்லோருக்கும் இருக்கிறது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை இல்லை. நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். தண்ணீர் எடுக்க மறப்பது, மூடியை இறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் அவை தாமே திருந்திவிடும்.

இளநீரை மட்டும் நம்புவது

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில், தென்னந்தோப்புகளுக்குள் வாழ்கிறவர்களிடம் இளநீரைக் குறை சொன்னால் கோபம் வரும். நானும் விரும்பிக் குடிக்கிறவன்தான். ஆனால் வியர்வையோடு போகும் உப்பில் முக்கியமானது சோடியம். லிட்டருக்குச் சராசரியாக ஒரு கிராம். ஆளைப் பொறுத்து அதில் பாதியாகவும் இருக்கலாம், ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம். பொட்டாசியம் அதில் கால்பங்குதான் போகிறது. இளநீரில் இந்தக் கணக்கு தலைகீழ்: பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம்.

ஒரு கோடையில் எங்களோடு வந்த தம்பி ஒருவன் நெம்மாராவில் இரண்டு இளநீர் குடித்தான். போத்துண்டி அணையருகே இன்னொன்று. இடையிடையே வயிறு முட்ட வெறும் தண்ணீர். கறுப்புச் சட்டை முழுக்க உப்புப் பூத்திருந்தது. மேலே ஏற ஏறத் தலைவலி என்றான். விரல்கள் தடித்துக் கையுறையைக் கழற்ற முடியவில்லை. பிறகு வாந்தி. சுற்றி நின்றவர்கள், "வெயில் அடித்துவிட்டது, தண்ணீர் கொடுங்கள்" என்று இன்னொரு பாட்டிலை நீட்டினார்கள். தட்டிவிடாத குறையாகத் தடுத்தேன்.

போனது உப்பு, நிரப்பியது வெறும் நீர். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கும். மூளையும் அதற்கு விலக்கில்லை. அந்த நிலையில் மேலும் தண்ணீர் ஊற்றுவது கொல்லவும் கூடும். விரல் வீக்கம், தலைவலி, வாந்தி சேர்ந்து வந்தால் வெறும் தண்ணீரை நிறுத்துங்கள். பேச்சுக் குழறினாலோ ஆள் தடுமாறினாலோ நேரே மருத்துவமனைதான்; என்ன குடித்தான், எவ்வளவு குடித்தான் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தம்பியை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனோம், தேறிவிட்டான். அதே தோழர் கூட்டத்தில் இன்னொருவன் இப்போதும், "அண்ணா, இளநீர் இயற்கை ஓ.ஆர்.எஸ். தானே?" என்று கேட்கிறான்!

குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அரை லிட்டர் இளநீருக்கு ஒரு கிராம் தூள் உப்பு சேருங்கள். அதற்கு மனமில்லையென்றால் எல்லை தாண்டியதும் வரும் பெட்டிக்கடைகளில் உப்புப் போட்ட நாரங்கா வெள்ளமோ (எலுமிச்சைச் சாறு) சம்பாரமோ (மசாலா மோர்) கேட்டு வாங்குங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், பந்தயத்துக்குக் குடிக்காதீர்கள்.

கண்ணளவு உப்பு

ஒரு லிட்டருக்கு 1.5 கிராம் தூள் உப்பு, அதாவது தலை தட்டிய கால் தேக்கரண்டி. சோடியம் ஏறத்தாழ 600 மில்லிகிராம் கிடைக்கும். சர்க்கரை 40 முதல் 60 கிராம், ஓர் எலுமிச்சை. கல்லுப்பை அதே கரண்டியால் அளந்தால் எடை குறையும், கரையவும் நேரமாகும்; கடைசி மடக்கு கடல்நீராக இருக்கும். உங்கள் பாட்டில் 750 மில்லியா, ஒரு லிட்டரா என்பதையும் பாருங்கள்.

இந்துப்பு

அதுவும் சோடியம் குளோரைடுதான். விலை மட்டும் வேறு.

சோடியம் குறைத்த உப்பு

இதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. நமக்குத் தேவை சோடியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரைப் பாட்டிலில் கரைப்பது

ஒரு லிட்டர் என்று அச்சிட்டிருந்தால் ஒரு லிட்டர்.

கஞ்சித்தண்ணீரை மதியம்வரை வைத்திருப்பது

உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் அருமையானது. மாவுச்சத்தும் சேர்ந்து வருகிறது. ஆனால் பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். முதல் பாட்டிலில் ஊற்றி, வெயில் ஏறுமுன் குடித்து முடியுங்கள். இரண்டாவதில் எலுமிச்சை உப்புநீர் இருக்கட்டும்.