‘தெரியாதே’ன்னு நடிக்கிறவன எப்படி வழிக்கு கொண்டு வர்றது

இத எழுத எனக்கு நல்லாவே தகுதி இருக்கு, ஏன்னா நானே பல வருஷம் அப்படி நடிச்ச ஆளு. ஊரு மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை, போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், எங்க வாயில அது இன்னும் வரல. தோட்டத்து லயத்துல வளந்தோம், அப்புறம் அப்பா கடன் போட்டு தாமான்ல, அதான் குடியிருப்புப் பகுதியில, ஒரு வீடு வாங்குனாரு. அந்த வீட்டுலதான் என் வேஷம் கலஞ்சுது.

மொதல்ல ஆளு நெசமாவே தெரியாதவனா, தெரிஞ்சுக்க இஷ்டம் இல்லாதவனான்னு பாருங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க, எங்க படிக்கணும்னு காட்டுங்க, ஒரு வாரம் விட்டுருங்க. தெரியாதவன் திரும்பி வந்து ஏதாச்சும் சந்தேகம் கேப்பான். நடிக்கிறவன் "ஓ அப்படியா, எனக்கு தெரியாதே லா"ன்னு அதே இழுப்பு இழுப்பான். அவனுக்கு மறுபடி வெளக்கம் சொல்லி தொண்டத்தண்ணிய வத்த வைக்காதீங்க, நீங்க பேசப் பேச அவனுக்கு நாள் கெடைக்குது அவ்ளோதான், எனக்கு அப்படித்தான் மூணு மாசம் கெடச்சுது.

அப்பா உயில் எழுதாம போயிட்டாரு. கருமாதி முடிஞ்ச கையோட மாமா ஆரம்பிச்சாரு, "பொட்டப் புள்ளைங்களுக்குத்தான் நகை போட்டு கட்டிக் கொடுத்தாச்சே, வீடு தம்பிக்குத்தான்"னு. அந்த தம்பி நான்தான், வாயே தொறக்கல. ஆனா முந்துன ராத்திரியே போன்ல தேடி பாத்துட்டேன். 1958 பங்கீட்டுச் சட்டம், முஸ்லிம் இல்லாதவங்களுக்கு, உயில் இல்லாம ஒருத்தர் போயி அவரோட அப்பா அம்மாவும் உயிரோட இல்லன்னா மனைவிக்கு 3ல 1 பங்கு, மிச்சம் அத்தனையும் பிள்ளைங்களுக்கு சமமா, ஆம்பள பொம்பள வித்தியாசமே கெடையாது. படிச்சேன், போன கவுத்து வச்சேன், காலையில அக்கா கேட்டப்ப "தெரியலக்கா, விசாரிக்கணும்"னேன்.

அக்கா சண்ட போடல. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மேசைய தொடச்சிட்டு டின்லருந்து கிரீம் கிரேக்கர் ஒம்போது எடுத்து வரிசையா வச்சிச்சு. மூண அம்மா கோப்பி பக்கத்துல தள்ளுச்சு. மிச்சம் ஆறு. "எது தெரியலன்னு சொல்லு தம்பி. தங்காச்சிக்கு எத்தன, எனக்கு எத்தன, நீயே எடுத்து வை." ரெண்டு ரெண்டு ரெண்டுன்னு சின்னப் புள்ள கூட வச்சிரும். மாமா சொன்ன மாதிரி வைக்கணும்னா அம்மா பாத்துட்டு இருக்கும்போதே அவங்க மூணு பேரு பிஸ்கட்டையும் நான் கையால இழுத்துக்கணும். கை வரல.

இதுதான் நான் சொல்ல வர்ற வித்த. "ஏன் இப்படி பண்ற"ன்னு கேட்டா நாங்க ஆயிரம் சொல்லுவோம். "எது தெரியல, எவ்ளோ, எந்த தேதி"ன்னு கேளுங்க, தெரியாதுங்குறது அங்கதான் உடையும். சட்டத்த நீங்க படிச்சு காட்டாதீங்க, அவனையே சத்தமா படிக்க விடுங்க. பங்கு வேணாம்னு சம்மதக் கடிதம் நீட்டுனா அன்னைக்கே சைன் போடாதீங்க, கோப்பி குடுத்தாலும் சரி, அழுதாலும் சரி. பெஜாபாட் தானாவுல, அதான் நில ஆபீஸ்ல, விசாரணைக்கு கூப்பிட்டா நீங்களே நேர்ல போங்க.

"எங்க காலத்துல இந்த பேச்செல்லாம் ஏது"ன்னு ஒரு பெருசு வரும். அவருகிட்ட 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்த கேளுங்க, தொரைங்களும் தோட்டத்து கணக்கப்புள்ள கிராணிங்களும் எங்க பொம்பளைங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு தோட்டத்து ஆளுங்க வச்ச கோரிக்கை அப்பவே அதுல இருக்கு. பக்கத்து வீட்டுல அடி விழறது கேட்டும் டிவி சவுண்ட ஏத்துறவங்களுக்கு நம்பர் மட்டும் குடுங்க, தாலியான் காசேங்குற உதவி லைன், 15999. குடும்ப வன்முறைச் சட்டம் 1994லயே வந்தாச்சு, அது "அவங்க வீட்டு விஷயம்" இல்ல.

ஆனா ஒன்னு, அம்மா "எனக்கு என்னப்பா தெரியும்"னு சொல்றத இந்த கணக்குல சேக்காதீங்க. முதுகுல மருந்து தோம்ப, அதான் டாங்கிய, மாட்டிக்கிட்டு கையுறை இல்லாம வருஷக்கணக்கா தோட்டத்துல களைக்கொல்லி மருந்து அடிச்சவங்க, நகம் கறுத்தப்ப கூட அது பாராகுவாட்டுங்குற விஷம்னு யாரும் அவங்களுக்கு சொல்லல, 2020லதான் அத நாட்டுலயே தடை பண்ணாங்க. அவங்கள தெரியாம வச்சிருந்தாங்க. அவங்ககிட்ட கேள்வி கேக்காதீங்க, பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லுங்க, எத்தன தடவ ஆனாலும்.

வீட்டு கெரான்ல, அதான் பட்டாவுல, இப்ப நாலு பேரு பேரும் இருக்கு. போன தீபாவளிக்கு மாமா வந்தாரு, முறுக்க கடிச்சிக்கிட்டே பக்கத்து வீட்டு ஆளுகிட்ட சொல்றாரு: "பொம்பளப் புள்ளைங்களுக்கும் சம பங்குதான்யா, எனக்கு அப்பவே தெரியும்."